நனைந்த பிறகு பார்க்க வேண்டிய நிறம்

ஃப்ளை என்பது மீனை ஏமாற்றிப் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் நூலும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி. கிரீன்வெல்ஸ் குளோரி என்ற ட்ரவுட் ஃப்ளையின் செய்முறையில் உடலுக்கு என்ன என்று பார்த்தால் "மஞ்சள் பட்டு" என்று இரண்டே சொல்தான் இருக்கும். 1854-ல் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல் ட்வீட் ஆற்றில் பிடித்துக் காட்டிய பூச்சியைப் பார்த்து, ஸ்ப்ரௌஸ்டனில் இருந்த ஜேம்ஸ் ரைட் கட்டிக் கொடுத்த ஃப்ளை அது. அந்த இரண்டு சொல்லை நம்பி மஞ்சள் பாலியெஸ்டர் நூலைச் சுற்றினால் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு பொம்மைதான் கிடைக்கும். இந்த ஃப்ளைக்கான மஞ்சள் பட்டு, செருப்புத் தைப்பவர்களின் கருமெழுகில் இழுத்த பட்டு. மெழுகு ஏறியதும் மஞ்சள் மங்கி, அழுக்குப் பச்சையாக, ஆலிவாக மாறிவிடும். ஆலிவ் டன் என்ற ஆற்றுப் பூச்சியின் உடல் நிறம் அதுதான். செய்முறையை எழுதியவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயம். மெழுகு போடாமல் பட்டைச் சுற்றுபவர் அன்று யாரும் இல்லை.

மாற்றுப் பொருள் தேடும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதே வகைதான். செய்முறையில் இருப்பது பொருளின் பெயரும், அது உலர்ந்து கையில் இருக்கும்போது தெரிகிற நிறமும். மீனுக்குத் தெரிவதோ மெழுகு பிடித்து, தண்ணீரில் ஊறி, பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவுகிற பொருள். ஆகவே ஓர் இறகோ ரோமமோ கிடைக்காதபோது "இதே நிறத்தில் வேறென்ன இருக்கிறது" என்று தேடுவதற்கு முன், அது அந்த ஃப்ளையில் என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். நிறம் காட்டியதா, நீரோட்டத்தில் அசைந்ததா, மிதக்க வைத்ததா, நிழலுருவம் கொடுத்ததா? ஒரு பொருள் இரண்டு வேலை செய்திருக்கலாம். அப்போது மாற்றும் இரண்டையும் செய்ய வேண்டும்.

பட்டு நூலிலிருந்தே தொடங்கலாம். வட இங்கிலாந்தின் மென்ஹேக்கிள் ஃப்ளைகள் (ஹேக்கிள் என்பது தலைக்கருகே சுற்றும் இறகு, இவற்றில் அது மென்மையானது) நெடுங்காலம் பியர்சால்ஸ் கோசமர் பட்டில்தான் கட்டப்பட்டன. அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஸ்பூல்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பழைய ஸ்பூல் கிடைத்தால் முதலில் ஒரு சாண் நூலை வெட்டி இழுத்துப் பாருங்கள். பட்டு வயதானால் இற்றுப்போகும். வெளிச் சுற்றுகள் அறுந்தாலும் உள்ளே நல்ல நூல் இருக்கலாம்.

பட்டின் தனிக்குணம், நனைந்தால் ஒளி ஊடுருவுவது. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் ஃப்ளையின் ஆரஞ்சுப் பட்டு தண்ணீரில் விழுந்ததும் கருத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அடியிலிருக்கும் முள்ளின் பழுப்பு மேலே தெரிவதே காரணம். பாலியெஸ்டர் அப்படி மாறாது. கடையில் பார்த்த ஆரஞ்சு ஆற்றிலும் ஆரஞ்சுதான். எனவே பாலியெஸ்டரில் கட்டுவதானால் உலர்ந்த பட்டின் நிறத்தைத் தேடாமல் நனைந்த பட்டின் நிறத்தைத் தேட வேண்டும். கிரீன்வெல்லுக்கு மங்கிய ஆலிவ், பார்ட்ரிட்ஜுக்குத் துரு நிறம். இதைவிட நல்ல வழி, தையலுக்கு விற்கும் 100-ம் எண் மெல்லிய பட்டு நூல். அது பட்டு போலவே நடந்துகொள்ளும், ஏனென்றால் அது பட்டு.

பட்டு ஒளியை விடுகிறது என்றால் அடியிலிருக்கும் முள்ளும் நிறத்தின் பகுதி. பழுப்பு வெண்கல முள்ளில் செங்கல்லாகும் ஆரஞ்சு, வெள்ளி நிற நிக்கல் முள்ளில் பளபளவென்று நின்றுவிடும். பலர் முள்ளை மாற்றிவிட்டு நூலைக் குறை சொல்கிறார்கள்.

மெழுகும் அப்படித்தான். இன்று கிடைக்கும் நிறமற்ற மெழுகு டப்பிங்கை (நூலில் ஒட்டி உடலாகச் சுற்றும் ரோமத்தை) ஒட்டுவதற்கு நல்லது, மஞ்சளை ஆலிவாக்காது. கருமெழுகு வேண்டும். ஒரு பட்டாணி அளவு எடுத்து விரல்களுக்கிடையில் இளகும்வரை உருட்டி, நூலை அதற்குள் வைத்து ஒரே வேகத்தில் இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். மெழுகு குளிர்ந்து இறுகியிருந்தால் பட்டு அங்கேயே அறுந்துவிடும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் சரியாகும். இரண்டு இழுப்புக்கு ஒரு நிறம், ஐந்து இழுப்புக்கு வேறு நிறம். இழுப்பை எண்ணுங்கள்.

இனி மென்ஹேக்கிள். டாட்டரல் அண்ட் யெல்லோ ஃப்ளைக்கு டாட்டரல் என்ற பறவையின் இறக்கை மூடிறகு வேண்டும். பிரிட்டனில் 1981-ம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது, தொடவே முடியாது. அதன் இறகு வெளிறிய சாம்பல், நுனியில் மட்டும் மங்கிய மஞ்சள். ஸ்டார்லிங் இறக்கையின் உட்புற மூடிறகிலும் அதே சாம்பலும் வெளிர் நுனியும் இருப்பதால் அதுவே பழக்கமான மாற்று. இழை மென்மையும் ஏறத்தாழ ஒன்றுதான். சாம்பல் சாயமேற்றிய வீட்டுக்கோழிப் பெட்டையின் ஹேக்கிளையும் போடலாம். ஆனால் அதன் ஈர்க்கு தடிமன். 16-ம் எண் முள்ளில் (எண் கூடக்கூட முள் சிறிது) இரண்டு சுற்றிலேயே தலை புடைத்துவிடும். ஒருபக்க இழைகளை உருவிவிட்டுச் சுற்றினால் இந்தப் புடைப்பு பாதி குறையும்.

வாட்டர்ஹென் ப்ளோவா ஃப்ளையின் புகைச்சாம்பல் இறகு தாழைக்கோழி இறக்கையின் அடியிலிருந்து வருவது. நாமக்கோழியின் அதே இடத்து இறகு மிக நெருங்கிய மாற்று. இந்த ஃப்ளையில் ஹேக்கிளைவிட ரோமத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். மஞ்சள் பட்டின்மேல் மோல் என்ற மண்ணுக்கடி விலங்கின் ரோமம் மூடுபனி போலத்தான் படிந்திருக்க வேண்டும். நூல் தெரிய வேண்டும். மோல் ரோமம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, அதில் முரட்டு மேல்மயிரே இல்லை. அதற்குப் பதில் முயல் ரோமத்தை எடுத்தால் நீளம் காரணமாக நூலைப் போர்வை போல மூடிவிடும். முயலேதான் கையில் இருக்கிறது என்றால் அடிரோமத்தை மட்டும் பிரித்து, கத்தரியால் அரை சென்டிமீட்டராக நறுக்கி, மெழுகிட்ட நூலில் விரலால் தொட்டுத் தொட்டு ஒட்டுங்கள். திரிக்கவே வேண்டாம்.

பார்ட்ரிட்ஜ் ஃப்ளைக்கு வேண்டிய கவுதாரி இறகுக்கு மாற்றுத் தேடுவது பெரும்பாலும் அது கிடைக்காததால் அல்ல, சின்ன அளவில் கிடைக்காததால். ஒரு தோலில் 16-ம் எண் முள்ளுக்குப் பொருந்தும் முதுகிறகுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, மீதியெல்லாம் நீண்டவை. நீண்ட இறகைச் சுற்றிவிட்டு நுனியைக் கத்தரித்தால் ஃப்ளை கெட்டுவிடும். இழை அடியில் தடித்து நுனியில் மெலிகிறது. அசைவு முழுவதும் அந்த மெலிந்த நுனியில்தான் இருக்கிறது, வெட்டினால் போவது அதுவே. சரியான வழி இது. பெரிய இறகிலிருந்து பன்னிரண்டு இழைகளை நுனி சீராகப் பிடித்து அறுத்தெடுங்கள். முள்ளின் கண்ணுக்கு முன்னால் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். நீட்டும் நீளம் முள்தண்டின் நீளம் இருக்கட்டும். இரண்டு தளர்ந்த சுற்றுப் போட்டு, கட்டைவிரல் நகத்தால் இழைகளைச் சுற்றிலும் பரப்பி, பிறகு இறுக்குங்கள். அடிப்பகுதியை வெட்டிவிட்டு, நூலைப் பின்னால் கொண்டுபோய் உடலை முடித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். இழைகளைப் பின்னுக்கு மடக்கி, முன்பக்கம் நான்கு சுற்றில் தலையைக் கட்டுங்கள். முதல் இரண்டு சுற்றை இறுக்கிப் போட்டால் இழைகள் பரவாமல் மேலேயே கொத்தாக நிற்கும். பலருக்கு இங்கேதான் சறுக்குகிறது.

ரோமங்களில் அதிகம் பேசப்படுவது சீல் என்ற கடல் விலங்கின் ரோமம். அமெரிக்காவில் 1972-ம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-ம் ஆண்டின் தடையும் வந்தபின் பெரும்பாலானோருக்கு அது இல்லை. சீல் ரோமம் விறைப்பானது, வழுக்குவது, கண்ணாடி போல ஒளியை உடைத்துக் காட்டுவது. நனைந்தாலும் ஒட்டிப்போகாது. இன்விக்டா ஃப்ளையின் மஞ்சள் உடலில் அது செய்த வேலை அதுதான்: ஒவ்வொரு மயிரும் தனித்து நின்று ஒளிரும். முயல் ரோமத்துக்கு மஞ்சள் சாயமேற்றிப் போட்டால் உலர்ந்தபோது அழகாக இருக்கும், நனைந்ததும் ஈரப் பஞ்சு உருண்டை. அங்கோரா ஆட்டின் மயிர்தான் நல்ல மாற்று. அது நீளமாக வரும் என்பதால் ஒன்றரை சென்டிமீட்டராக வெட்டிக் கலைத்துக்கொள்ள வேண்டும். அதன் பளபளப்பு சீலைவிடக் குறைவு. மூன்று பங்கு அங்கோராவுக்கு ஒரு பங்கு மின்னும் செயற்கை இழை சேர்த்தால் ஈடாகும். அதற்கு மேல் சேர்த்தால் ஃப்ளை தகரம் போல மின்னும். கட்டி முடித்தபின் வெல்க்ரோ துண்டால் அடிப்புறத்தை மட்டும் கிளறிவிடுங்கள்.

அதே இன்விக்டாவின் தொண்டைக்கு ஜே பறவையின் நீலப் பட்டை இறகு. அதற்கு நீலச் சாயமேற்றிய கினிக்கோழி இறகு நெடுங்காலப் பழக்கம். பட்டைகள் புள்ளிகளாக மாறும். இந்த இடத்தில் எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

நீர்மேல் மிதக்கும் உலர் ஃப்ளைக்கு ரோமம் மாற்றும்போது கணக்கே வேறு. ஹெண்ட்ரிக்சன் என்ற, நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஃப்ளையை ராய் ஸ்டீன்ராட் 1916-ல் கட்டினார். அதன் உடல், பெண் நரியின் வயிற்றில் சிறுநீர் பட்டு இளஞ்சிவப்பேறிய ரோமம். அந்த நிறத்தை உருவாக்குவது எளிது: வெளிர் மஞ்சள்பழுப்பு நரி அடிரோமம் எட்டுப் பங்கு, இளஞ்சிவப்பு ஒரு பங்கு. கையால் பிய்த்து அடுக்கி, மறுபடி பிய்த்து, பத்துப் பதினைந்து முறை செய்தால் ஒன்றாகிவிடும். நரி இல்லாவிட்டால் பீவரின் அடிரோமத்துக்குச் சாயமேற்றலாம். நீரில் வாழும் விலங்கின் அடிரோமம் அடர்ந்து, காற்றைப் பிடித்துவைத்து, நீரை எளிதில் ஏற்காது. முயல் உறிஞ்சும். ஆடம்ஸ் ஃப்ளையின் உடலுக்கு மஸ்க்ராட் ரோமம் சொல்லப்பட்டதற்கும் காரணம் சாம்பல் நிறம் மட்டும் அன்று. சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகை ரோமத்தை லேசாக உருட்டித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். உடனே மூழ்குவது உலர் ஃப்ளைக்கு ஆகாது. நீருக்குள் மூழ்கும் ஈரஃப்ளைக்கு அதுவே தகுதி.

டப்ஸ் இண்டிஸ்பென்சபிள் என்ற ஃப்ளையைச் சொல்லாமல் விட முடியாது. டெவனின் டிவர்ட்டனில் இருந்த ஆர். எஸ். ஆஸ்டின் உருவாக்கியது, ஜி. இ. எம். ஸ்கூஸ் பெயர் வைத்தது. ஆட்டுக்கிடாவின் விதைப்பை மயிர் அதன் அடிப்படை. அந்த மயிரின் சிறப்பு, இயற்கைக் கொழுப்பு ஊறியிருப்பதால் நீர் ஒட்டாதது, மெல்லியதாக இருந்தும் ஒளி விடுவது. கடையில் வாங்கிய இளஞ்சிவப்புக் கம்பளியைப் போட்டால் சீரான ஒரே நிறம் வரும், ஃப்ளை செத்துக் கிடக்கும். மூலக் கலவையில் பாலேட்டு நிறம், எலுமிச்சை மஞ்சள், சிவப்பு எல்லாம் தனித்தனி மயிர்களாக இருந்து தூரத்தில்தான் ஒன்றாகத் தெரியும். முழுதாகக் கொழுப்பு நீக்காத பாலேட்டு நிற ஆட்டுக்குட்டி மயிர் நான்கு பங்கு, எலுமிச்சை மஞ்சள் ஒரு பங்கு, கருஞ்சிவப்பு அங்கோரா சில இழைகள் மட்டும் என்று தொடங்குங்கள். நனைத்துப் பார்த்தபின் சிவப்பு முதலில் கண்ணில் பட்டால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

நனைத்துப் பார்ப்பதன் அருமையை ஃபிராங்க் சாயரின் கில்லர் பக் ஃப்ளையைப் போல வேறெதுவும் காட்டாது. இரண்டே பொருள்: செம்புக் கம்பி, சாட்விக்ஸ் 477 என்ற கிழிசல் தைக்கும் கம்பளி நூல். அந்த நூல் உற்பத்தி நின்றபின் அதன் அட்டைகளைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். உலர்ந்தபோது அது வெறும் மங்கிய மஞ்சள்பழுப்பு. அதை வைத்து நூறு நூல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம், எல்லாமே பொருந்துவது போலத் தெரியும். நனைந்தால்தான் இளஞ்சிவப்புச் சாயல் எழும்பும். கம்பளி ஒளி ஊடுருவி, அடியிலுள்ள செம்பு உள்ளிருந்து ஒளிரும். ஜேமிசன்ஸ் நிறுவனத்தின் ஷெட்லண்ட் ஸ்பின்ட்ரிஃப்ட் நூலில் ஆய்ஸ்டர் என்ற நிறம் இதற்கு மாற்றாகப் பலருக்கும் பிடித்துப்போனது இந்தச் சோதனையில் தேறியதால்தான்.

சோதனையை முள்ளிலேயே செய்யுங்கள். 12-ம் எண் முள் மூன்று எடுத்து, மூன்றிலும் செம்புக் கம்பியை அடுத்தடுத்துச் சுற்றி, மேலே மூன்று வேறு கம்பளிகள். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றையும் நீருக்குள்ளேயே விரலால் பிழிந்து காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழி இருக்கும்வரை நூல் வெளிறித்தான் தெரியும். இரண்டு நிமிடம் கழித்து, ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி டம்ளரில் மாற்றி ஊடாகப் பாருங்கள். நான்காவது முள்ளில் செம்புக்குப் பதில் கறுப்பு நூல் அடித்தளம் போட்டு அதே கம்பளியைச் சுற்றிப் பார்த்தால், கம்பளியை மாற்றாமலே ஃப்ளையைச் சாகடிக்க முடியும் என்பது புரியும்.

சாயரின் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபிலும் (நிம்ஃப் என்பது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியின் போலி) செம்புக் கம்பிதான் நூல், எடை, நிறம், விலா (உடல்மேல் இடைவெளி விட்டுச் சுற்றும் கம்பி) எல்லாம். அதை நூலால் கட்டிவிட்டு "செம்பு விலா சேர்த்தேன்" என்பவர்கள் எடையைத் தொலைத்துவிடுகிறார்கள். அந்த நிம்ஃபில் கால்களே கிடையாது. ஆண் ஃபெசன்ட்டின் வாலிழை கிடைக்காவிட்டால் செம்பழுப்புச் சாயமேற்றிய வான்கோழி வாலிழை போடலாம். கம்பியை மட்டும் மாற்றாதீர்கள்.

எடைக்கு ஈயம் சொல்லும் செய்முறைகளில் கணக்குப் போட்டே மாற்ற வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயம் 7.3. ஈயமில்லாக் கம்பி பெரும்பாலும் வெள்ளீயக் கலவை. அதே தடிமனில் எட்டுச் சுற்று ஈயத்துக்குப் பன்னிரண்டு சுற்று வேண்டும், அவ்வளவு இடம் தண்டில் இருக்காது. அதனால் டங்ஸ்டன் மணிக்குப் போகிறோம். ஏறத்தாழ 2.5 மி.மீ. டங்ஸ்டன் மணி 3.2 மி.மீ. பித்தளை மணியின் எடைக்கு வரும். ஆனால் எடை தலைக்கு நகர்ந்துவிட்டது. தட்டையாக மூழ்கிய ஃப்ளை இப்போது மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். மெதுவாக இறங்க வேண்டிய நிம்ஃபுக்கு அது சரிவராது.

இறக்கைகளில் மரவாத்தின் எலுமிச்சை நிறப் பக்கவிறகு எப்போதும் தட்டுப்பாடு. குவில் கோர்டன், ஹெண்ட்ரிக்சன், லைட் கேஹில் ஆகிய மூன்று ஃப்ளைகளுக்கும் அதுதான் வேண்டும். மாலர்ட் பக்கவிறகுக்குச் சாயமேற்றுவது வழக்கமான மாற்று. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் மஞ்சள் தூக்கலாக இருக்கும், அடியில் பழுப்பு இருக்காது. சாயமேற்றாத மாலர்ட் இறகில் பழுப்பு மார்க்கரை லேசாக இழுத்துவிட்டால் அதைவிட நன்றாக வருகிறது. டீல் வாத்தின் பட்டைகள் மிகவும் கறுப்பு. கேஹிலுக்குப் போட்டால் இறக்கை கோடுகோடாகக் கத்தும். சாயமேற்றுவதற்கு முன் இறகை சோப்பு நீரில் கழுவி, ஈரத்தோடேயே சாயத்தில் போட வேண்டும். உலர்ந்து எண்ணெய் படிந்த இறகில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். கொதிக்க விடாதீர்கள், இழை சுருண்டு நொறுங்கும்.

குவில் கோர்டனின் உடலுக்கு மயில்கண்ணின் உரித்த ஈர்க்கு. கருமையும் வெளிர்மையும் அக்கம்பக்கம் இருப்பதால் சுற்றும்போது பூச்சியின் வளையங்கள் போல விழும். சேவல் ஹேக்கிளின் ஈர்க்கு அதைவிட உறுதி, ஆனால் ஒரே நிறம். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு விளிம்பில் மட்டும் அழியாத மார்க்கரால் கோடிழுத்துச் சுற்றினால் வளையம் கிடைக்கும். ஊறவைக்காவிட்டால் மூன்றாவது சுற்றில் பிளக்கும்.

நாரையிழைக்கும் ஒரு வார்த்தை. ஆலிவர் கைட்டின் இம்பீரியல் ஃப்ளைக்கு அது வேண்டும். சாம்பல் சாயமேற்றிய கூஸ் இறகிழை மாற்றாகும். அது குட்டை, 14-ம் எண்ணுக்கு மேல் பெரிய முள்ளுக்குப் போதாது. எளிதில் அறும் என்பதால் தங்கக் கம்பி விலாவை எதிர்த்திசையில் சுற்றிப் பூட்டுங்கள்.

சட்டத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1918-ம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி நாரையின் உதிர்ந்த இறகைப் பொறுக்கி வைத்திருப்பதும் குற்றம். சட்டப்படி வேட்டையாடிய வாத்து, கூஸ் இறகுகளை ஃப்ளை கட்ட வைத்திருக்கவும் விற்கவும் விலக்கு உண்டு. ஸ்டார்லிங் அங்கே வெளியிலிருந்து வந்த பறவை என்பதால் அந்தச் சட்டத்தில் வராது. ஒரே இறகு ஒரு நாட்டில் சாதாரணமும் மற்றொன்றில் குற்றமுமாக இருக்கும். தபாலில் ஃப்ளை அனுப்புபவர்கள் கட்டிய பொருளின் பெயரை எழுதிவைப்பது நல்லது.

ஜங்கிள்காக் என்று செய்முறைகள் சொல்வது இந்தியத் தீபகற்பத்தின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. வின்சென்ட் மரினாரோவின் ஜாசிட் ஃப்ளையில் அது மேலே தட்டையாகப் படிந்த ஒரு முட்டை வடிவம், அவ்வளவே. மீன் அடியிலிருந்து பார்க்கிறது. வார்னிஷ் தடவி முட்டை வடிவில் வெட்டிய ஸ்டார்லிங் இறகு அங்கே முழு ஈடு. டன்கெல்ட் ஃப்ளையின் கன்னத்தில் அப்படியில்லை. அந்த வெள்ளைக் கண்தான் முக்கியம். கருமையான சின்ன இறகில் வெள்ளை எனாமல் புள்ளி வைத்து, காய்ந்தபின் வார்னிஷ் பூச வேண்டும்.

கடைசியாக, பெயர் மாறாமலே பொருள் மாறிப்போன இடம். லென் ஹாலடே 1922-ல் மிச்சிகனில் ஆடம்ஸைக் கட்டியபோது சேவல் கழுத்திறகில் இழை அடர்த்தி குறைவு. பழுப்பும் வரிச்சேவலுமாக இரண்டு இறகுகளைச் சேர்த்துச் சுற்றினால்தான் ஃப்ளை நிற்கும். இன்று ஹேக்கிளுக்கென்றே வளர்க்கும் சேவலின் இறகில் இழைகள் நெருக்கம், எல்லாம் ஒரே நீளம். பழைய புத்தகத்தின் சுற்று எண்ணிக்கையை அப்படியே போட்டால் ஃப்ளை பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷாகிவிடும். வீசும்போது சுழன்று நுனிநூலை முறுக்கும். 14-ம் எண்ணுக்கு இரண்டு இறகும் சேர்த்து ஐந்து சுற்று போதும். ஒற்றை க்ரீ இறகில் பழுப்பும் வரியும் சேர்ந்தே இருக்கும். அது கிடைத்தால் வேலை பாதி. அதே ஆடம்ஸின் இறக்கைக்கு வரிச்சேவல் ஹேக்கிளின் நுனி என்று இருக்கும். இன்றைய சேவல் இறகின் நுனி ஊசி போல மெலிந்தது, இரண்டை நிறுத்தினால் மீசை போலத் தெரியும். வரிப்பெட்டையின் அகலமான நுனியைப் போடுங்கள். அகலம் முள்வாயின் (தண்டுக்கும் முள்முனைக்கும் இடைப்பட்ட தூரம்) முக்கால் பங்கு, உயரம் தண்டின் நீளம்.